மோல் என்றால் மச்சமா? ஒரு வாசகியின் கடிதத்துக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்

இந்த முறை ஒரே ஒரு கடிதம்தான். எழுதியவருக்கு 31 வயது. கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறார். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, அவர் சொன்னதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

முதல் கர்ப்பம். பத்தாவது வாரத்தில் விடாத வாந்தியும் லேசான ரத்தக் கசிவும் இருந்ததால் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். ஸ்கேன் பார்த்தவர்கள் "குழந்தை உருவாகவில்லை, உடனே கருப்பையைச் சுத்தம் செய்ய வேண்டும்" என்று சொல்லி, மறுநாளே செய்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கை வந்தது. அதில் "கம்ப்ளீட் ஹைடாடிடிஃபார்ம் மோல்" என்று இருந்தது. டிஸ்சார்ஜ் தாளில் அதையே "மோலார் பிரெக்னன்சி" என்று எழுதியிருந்தார்கள். இது பின்னால் புற்றுநோயாக மாற வாய்ப்பு உண்டு, வாரா வாரம் ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று சொன்னார்கள். வேறு விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மொபைலில் 'மோல்' என்று தட்டியிருக்கிறார். 'மச்சம்' என்று வந்தது. அவருக்குத் தொப்புளுக்குக் கீழே சிறு வயதிலிருந்தே ஒரு மச்சம் உண்டு. கர்ப்பமான பிறகு அது கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. நாத்தனார் பார்த்துவிட்டு, "அந்த மச்சம்தான் உள்ளே வேர் விட்டிருக்கும் அண்ணி" என்றாராம். மச்சம் புற்றுநோயாக மாறலாம் என்று இணையத்தில் படித்ததும் பயம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. இதற்கிடையில் கணவருக்கு வேறொரு சந்தேகம். இரண்டாவது மாதத்தில் இவருக்குக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கியிருக்கிறார்கள். பல் மருத்துவரின் சீட்டிலும் 'மோலார்', டிஸ்சார்ஜ் தாளிலும் 'மோலார்'. அப்படியானால் பல் பிடுங்கியதால்தான் கரு கலைந்ததா என்று கேட்கிறார்.

சுத்தம் செய்து ஒன்பது வாரம் ஆகிறது. கடைசி இரண்டு வாரமும் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவு சரியாக வந்திருக்கிறது. இனி பரிசோதனையை நிறுத்திவிட்டு அடுத்த கர்ப்பத்துக்கு முயற்சி செய்யலாமே என்று வீட்டில் சொல்கிறார்கள். மச்சத்தைச் சுட்டு எடுக்க அழகு நிலையம் ஒன்றில் அடுத்த வாரத்துக்கு நேரமும் வாங்கிவிட்டார். கடிதத்தின் கடைசி வரி: "பாடம் நடத்தும்போது கரும்பலகையில் மோல் என்று எழுதக் கை வரவில்லை டாக்டர். ஒரே சொல் எப்படி என் வயிற்றிலும் பல்லிலும் பாடத்திலும் வந்து நிற்கிறது?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற பயங்களில் பாதி தானாகவே இறங்கிவிடும். நீங்கள் பார்த்தது ஒரே சொல் அல்ல. ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதப்படும் பல சொற்கள் அவை. எங்கெங்கோ பிறந்து, காலப்போக்கில் ஒலி தேய்ந்து, ஒரே எழுத்தில் வந்து சேர்ந்துவிட்டன. தமிழிலும் இது உண்டு. 'மச்சம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் இருப்பதும் மச்சம், மீனும் மச்சம். மீனைக் குறிக்கும் மச்சம் வடமொழியின் 'மத்ஸ்ய'த்திலிருந்து வந்தது. மச்ச அவதாரம் என்று படிக்கும்போது யாரும் தன் கன்னத்து மச்சத்தைத் தடவிப் பார்ப்பதில்லை. அது நம் மொழி, அதனால் குழப்பம் வருவதில்லை. அயல்மொழிச் சொல் நோயின் பெயராக வந்து கையில் விழும்போது அந்தத் தெளிவு நமக்கு இருப்பதில்லை.

இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஓர் அம்மாவிடம், "உங்களுக்கு மோல் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் விரல் தன் கன்னத்தில் இருந்த மச்சத்தின் மேல் இருந்தது. அதை மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்தச் சொல்லை விளக்காமல் நான் யாரிடமும் சொல்வதில்லை. உங்களுக்கும் அறிக்கையைக் கொடுத்த அன்றே யாராவது கால் மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

ஒரே எழுத்து, ஐந்து வேர்

தோலில் இருக்கும் மோல் பழைய ஆங்கிலச் சொல். அப்போது அது 'மால்' என்று ஒலித்தது. கறை, புள்ளி என்று பொருள். துணியில் படிந்த கறைக்கும் அதே சொல்தான். பிறகு தோலில் உள்ள கரும்புள்ளிக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. ஜெர்மன் மொழியில் பிறவி மச்சத்தை 'முட்டர்மால்' என்பார்கள். அதன் பின்பாதியில் இருப்பது இந்தக் குடும்பத்துச் சொல்தான்.

மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அகழெலியும் மோல். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'மொல்லே' என்று இருந்தது. டச்சு மொழியில் இன்றும் 'மோல்'தான். யாருக்கும் தெரியாமல் மண்ணுக்கடியில் வேலை செய்யும் பிராணி என்பதால், எதிரி அமைப்புக்குள் நுழைந்து ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருக்கும் உளவாளிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மெக்ஸிகோவின் குழம்பு வகையான 'மோலே', ஆஸ்டெக் மக்கள் பேசிய நஹுவாட்ல் மொழியின் 'மோல்லி'. மற்ற எதோடும் அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அடுத்தது உங்களுடைய மோல், வகுப்பில் நீங்கள் எழுதுவது, வேதியியலில் துகள்களை எண்ணும் அலகு. லத்தீனில் 'மோலெஸ்' என்றால் பெரும் பாரம், திரள். கடலில் கல்லைக் கொட்டி எழுப்பும் அலைதடுப்புச் சுவரும் இந்தச் சொல்லின் வழியாகத்தான் ஆங்கிலத்தில் மோல் ஆனது. அதே 'மோலெஸ்' உடன் சிறுமை விகுதி சேர்ந்தால் 'மோலெகுலா', அதாவது சின்னஞ்சிறு திரள். மூலக்கூறுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அங்கிருந்து வந்தது. அந்தப் பெயரின் ஜெர்மன் வடிவத்தைச் சுருக்கி 1890களில் வேதியியலாளர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் 'மோல்' என்று அலகாக்கினார். 2019இல் அந்த அலகை 6.02214076 × 10²³ என்று துல்லியமான எண்ணாகவே நிர்ணயித்துவிட்டார்கள். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கரும்பலகையில் இருக்கும் மோலுக்கும் உங்கள் அறிக்கையில் இருக்கும் மோலுக்கும் வேரே வேறு. தயங்காமல் எழுதுங்கள்.

திரிகைக்கல் கருப்பைக்குள் வந்த கதை

அறிக்கையில் உள்ள மோலின் வேர் லத்தீன் 'மோலா'. திரிகைக்கல் என்று பொருள். மாவு அரைக்கிற மில் இருக்கிறதே, அந்தச் சொல்லும் இதே வேர்தான். உணவை அரைக்கும் பல் என்பதால் கடைவாய்ப்பல்லுக்கு 'மோலார்' என்று பெயர்.

ஆக, உங்கள் கணவர் ஒரு விஷயத்தைச் சரியாகவே கவனித்திருக்கிறார். பல்லின் மோலாரும் கர்ப்பத்தின் மோலாரும் உண்மையிலேயே ஒரே வேர்ச் சொற்கள். உறவு அந்தத் திரிகைக்கல்லோடு முடிந்துவிடுகிறது. பல் அரைப்பதால் அந்தப் பெயர் பெற்றது, கருப்பையில் இருந்தது கல்போலக் கனத்ததால் பெற்றது. பல்லைப் பிடுங்கியதால் இப்படி ஒரு கர்ப்பம் உண்டாக வழியே இல்லை. காலக்கணக்கும் பொருந்தாது. இந்தக் கர்ப்பத்தின் பிழை கருத்தரித்த அன்றே நடந்து முடிந்துவிட்டது, பல் பிடுங்கியதோ இரண்டாவது மாதத்தில். அந்தப் பல் மருத்துவர் மேல் பழி வேண்டாம்.

கருப்பைக்குள் வளரும் உருவமற்ற கட்டியைத் திரிகைக்கல் என்று முதலில் சொன்னவர்கள் கிரேக்கர்கள். அவர்கள் மொழியில் அது 'மூலே'. கர்ப்பம் என்று நம்பி மூன்று நான்கு வருடம் சுமந்த ஒரு பெண், கடைசியில் சதைப்பிண்டம் ஒன்றைப் பெற்றதாக அரிஸ்டாட்டில் எழுதி, அதை இந்தப் பெயரால்தான் குறிப்பிடுகிறார். அந்தக் காலத்தில் கருப்பைக்குள் புரியாமல் இருந்த எல்லாக் கட்டிக்கும் ஒரே பெயர். பின்னால் வந்தவர்கள் பிரித்து அடையாளம் காண ஒரு அடைமொழி சேர்த்தார்கள். அதுதான் 'ஹைடாடிடிஃபார்ம்'. கிரேக்கத்தில் நீர்க்கொப்புளத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நீர்க்கொப்புள வடிவத் திரிகைக்கல்! பெயராக யோசித்தால் வினோதமாகத்தான் இருக்கிறது.

தமிழில் இதற்கு இருக்கும் பெயர் உங்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. முத்துப்பிள்ளை கர்ப்பம். பாட்டிமார்களுக்கும் பழைய மருத்துவச்சிகளுக்கும் நன்றாகத் தெரிந்த பெயர். என் பயிற்சிக் காலத்தில், வெளியே எடுத்த திசுவைக் கிண்ணத்தில் உப்புநீரில் மிதக்கவிட்டுக் காட்டினார்கள். வெளிச்சம் ஊடுருவும் சின்னச் சின்னக் கொப்புளங்கள், மெல்லிய காம்புகளில் கொத்துக்கொத்தாகத் தொங்கின. சில கடுகளவு, சில திராட்சையளவு. கிரேக்கரின் கல்லைவிட நம் முத்து எவ்வளவு பொருத்தம் என்று அன்றே தோன்றியது. அறிக்கையில் அந்த ஆங்கிலச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் மனதில் இதைப் போட்டுப் படியுங்கள். மொழிபெயர்ப்புச் செயலிக்கு முத்துப்பிள்ளை தெரியாது. பத்துப் பொருள் இருந்தால் அதிகம் புழங்குவதை எடுத்து நீட்டிவிடும்.

உங்களுக்குள் நடந்தது என்ன

இயல்பான கருவில் தாயிடமிருந்து 23 குரோமோசோம், தந்தையிடமிருந்து 23. 'கம்ப்ளீட்' வகை முத்துப்பிள்ளையில் கருமுட்டைக்குள் தாயின் குரோமோசோம்கள் இல்லாமல் போய்விடுகின்றன. பெரும்பாலும் ஒரே விந்தணு உள்ளே நுழைந்து தன்னையே இரட்டித்துக்கொள்கிறது. சில சமயம் இரண்டு விந்தணுக்கள் நுழைகின்றன. எண்ணிக்கை 46 என்று சரியாக வந்துவிடும், ஆனால் அத்தனையும் தந்தை வழி. அந்தக் கலவையில் குழந்தை உருவாகாது, நஞ்சுக்கொடித் திசு மட்டும் கட்டுப்பாடில்லாமல் வளரும். கர்ப்ப ஹார்மோனான எச்.சி.ஜி.யைச் சுரப்பது அந்தத் திசுதான். அதனால்தான் ஹார்மோன் எக்கச்சக்கமாக ஏறி, உங்களுக்கு அப்படி ஒரு வாந்தி. 'பார்ஷியல்' என்று இன்னொரு வகை உண்டு. அதில் நல்ல கருமுட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைந்து, குரோமோசோம் 69 ஆகிவிடும். உங்களுடையது அது அல்ல.

"குழந்தையே இல்லை என்றால் நான் எதற்காக அழுகிறேன்" என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். திசுவைப் பொறுத்தவரை அங்கே குழந்தை இருக்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பத்து வாரம் நீங்கள் ஒரு குழந்தைக்காகக் காத்திருந்தீர்கள். பெயர்கூட யோசித்திருப்பீர்கள். அந்த இழப்பு நிஜம். "அது வெறும் சதைதானே" என்று யாராவது சொன்னால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் போல நிற்க வேண்டாம்.

அப்புறம், தந்தை வழிக் குரோமோசோம் என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு கணவர் மேல் பழி திரும்பிவிடக் கூடாது. இது கருத்தரிக்கும் கணத்தில் நடக்கும் தற்செயல். 20 வயதுக்குக் கீழும் 40 வயதுக்கு மேலும் சற்று அதிகம். மற்றபடி சாப்பாடு, நடை, வேலை, மனக்கவலை எதுவும் காரணம் இல்லை. ஒரே பெண்ணுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் அரிய மரபணுக் காரணம் ஒன்றைத் தேடிப் பார்ப்போம். ஒருமுறை வந்தவருக்கு அது தேவையில்லை.

பெண்ணின் மேல் பழி போடுவது பழைய வழக்கம். நெதர்லாந்தில் லூஸ்டவுனன் என்ற ஊரில் ஒரு கதை உண்டு. இரட்டைக் குழந்தைகளோடு வந்த ஏழைத்தாய் ஒருத்தியை, ஒரு பிரபுவின் மனைவியான மார்கரெட் இழிவாகப் பேசினாளாம். அந்தத் தாய் விட்ட சாபத்தால் மார்கரெட் 1276இல் ஒரே பிரசவத்தில் 365 குழந்தைகளைப் பெற்றாளாம். அது முத்துப்பிள்ளைக் கொப்புளங்களாக இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் கருதினார்கள். ஒரு பெண்ணுக்கு வந்த நோய்க்கு அவள் வாய்ப்பேச்சைக் காரணமாக்கி நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். உங்கள் நாத்தனார் மச்சத்தைக் காட்டியதும் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். காரணம் தெரியாதபோது கண்ணில் படுவதைக் காரணமாக்கிக்கொள்கிறோம்.

தொப்புளுக்குக் கீழே உள்ள மச்சம்

தோலின் மச்சம் நிறமிச் செல்கள் ஓரிடத்தில் கூடுவதால் வருவது. அது கருப்பைக்குள் வேர் விடாது. மச்சத்தில் வரக்கூடிய புற்றுநோயின் பெயர் மெலனோமா. அந்தப் பெயரிலும் 'மோல்' ஒளிந்திருப்பதுபோலக் காதில் விழும். ஆனால் அது கிரேக்கத்தில் கருமையைக் குறிக்கும் 'மெலாஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. உங்கள் மருத்துவர் சொன்ன புற்றுநோய் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து வருவது. இரண்டும் வேறு நோய், வேறு சிகிச்சை, வேறு மருத்துவர்.

அடுத்த வாரம் வாங்கிய நேரத்தைத் தயவுசெய்து ரத்து செய்துவிடுங்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். மச்சத்தைச் சுட்டுவிட்டால் பயாப்ஸிக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. அது சாதாரண மச்சமாக இருந்தால் வீண் வடு. ஒருவேளை சாதாரணமானதாக இல்லாவிட்டால், கண்டுபிடிக்கக் கிடைத்த ஒரே தடயத்தையும் எரித்துவிட்டதாக ஆகும். கர்ப்பத்தில் வயிற்றுத் தோல் விரியும்போது அங்குள்ள மச்சமும் விரிந்து தெரிவது உண்டு. உங்களுக்குப் பத்து வாரம்தான் ஆகியிருந்தது, வயிறு பெரிதாக விரிந்திருக்காது. அதனால் 'பெரிதாகத் தெரிகிறது' என்பதை அலட்சியம் செய்யாமல் தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஒரு பாதி இன்னொரு பாதியைப் போல் இல்லாதது, ஓரம் பிசிறடிப்பது, நிறம் பல திட்டாக இருப்பது, ஆறு மில்லிமீட்டருக்கு மேல் வளர்வது, தொடர்ந்து மாறிக்கொண்டே வருவது, அரிப்பு அல்லது ரத்தக் கசிவு, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். பழைய போட்டோ எதிலாவது அந்த மச்சம் தெரிந்தால் எடுத்துப் போங்கள், ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் உதவும்.

ரத்தப் பரிசோதனையை நிறுத்தலாமா

இப்போது நிறுத்த வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கருப்பையைச் சுத்தம் செய்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத திசு கொஞ்சம் தங்கியிருக்கலாம். பெரும்பாலும் அது தானே அழிந்துவிடும். கம்ப்ளீட் வகையில் நூறு பேரில் சுமார் 15 முதல் 20 பேருக்கு மட்டும் அது அழியாமல் மறுபடி வளரும். அதை முதலில் காட்டிக்கொடுப்பது ஸ்கேனோ வலியோ அல்ல, எச்.சி.ஜி. அளவுதான். அளவு இறங்காமல் ஒரே இடத்தில் நின்றாலோ ஏறத் தொடங்கினாலோ உடனே தெரிந்துவிடும். இவ்வளவு நேரடியாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் நோய்கள் மருத்துவத்தில் குறைவு.

புற்றுநோய் என்ற சொல் உங்களைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நஞ்சுக்கொடித் திசுவின் புற்றுநோய்க்கு மருந்து பலிக்கும் என்று 1956இலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைக் கொடுத்து, நுரையீரல் வரை பரவிய நிலையிலேயே பெண்களைக் குணப்படுத்தினார்கள். மருந்தால் மட்டுமே குணமாக்கப்பட்ட முதல் திடக்கட்டிப் புற்றுநோய் இதுதான். இன்று ஆரம்ப நிலையில் பிடித்துவிட்டால் குணமாகும் வாய்ப்பு நூற்றுக்கு நூறை ஒட்டியே இருக்கிறது. பெரும்பாலானோருக்குக் கருப்பையை எடுக்க வேண்டியதும் இல்லை.

உங்கள் நிலவரம் நன்றாகவே இருக்கிறது. இரண்டு வாரம் அளவு சரியாக வந்திருக்கிறது. பொதுவாக, அடுத்தடுத்து மூன்று வாரம் சரியாக இருந்தால்தான் 'இறங்கிவிட்டது' என்று குறிப்போம். பிறகு மாதம் ஒருமுறை. கம்ப்ளீட் வகைக்கு எத்தனை மாதம் என்பதில் வழிகாட்டுதல்கள் கொஞ்சம் மாறுபடும், மூன்று முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு இயல்புக்கு வந்த பிறகு நோய் திரும்புவது நூறில் ஒருவருக்கும் குறைவு. அப்படியானால் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். திரும்பினால் சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்பதுதான் காரணம். மாதம் ஒரு சொட்டு ரத்தக் கணக்கில் கிடைக்கும் பாதுகாப்பு இது.

அடுத்த கர்ப்பம்

புதிதாகக் கர்ப்பமானால் எச்.சி.ஜி. இயல்பாகவே ஏறும். அப்போது அந்த ஏற்றம் குழந்தையால் வந்ததா, பழைய திசுவால் வந்ததா என்று பிரிக்க முடியாது. பொறுங்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். உங்கள் கருப்பை பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அதுவரை ஆணுறையோ மாத்திரையோ பயன்படுத்தலாம். கருப்பைக்குள் வைக்கும் சாதனத்தை மட்டும், அளவு முழுதாக இயல்புக்கு வந்துவிட்டது என்று உறுதியான பிறகே வைக்க வேண்டும். எல்லாவற்றையும் மீறி நடுவில் கர்ப்பம் ஆகிவிட்டால் பயந்து எதையும் விழுங்கிவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் சொல்லி, சீக்கிரமே ஒரு ஸ்கேன் பாருங்கள். அப்படி ஆன கர்ப்பங்களும் பெரும்பாலும் நல்லபடியாகவே முடிகின்றன.

மறுபடி முத்துப்பிள்ளை வர வாய்ப்பு நூறில் ஒன்று அல்லது இரண்டு. மீதி 98 பேருக்காவது அது வருவதில்லை. அடுத்த முறை ஆறு, ஏழு வாரத்திலேயே ஸ்கேன் எடுத்து இதயத்துடிப்பைப் பார்த்துவிட்டால் மனம் அமைதியாகும்.

வீட்டில் அவசரப்படுத்துகிறவர்களிடம் பேச உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், அடுத்த முறை கணவரையும் மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் ஏற்றுக்கொள்வார்கள். அந்தப் பொறுப்பை எங்களிடம் தள்ளிவிடுவதில் தவறே இல்லை.

மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டியவை

பயாப்ஸி அறிக்கையின் முழு நகல் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். இதுவரை எடுத்த எச்.சி.ஜி. அளவுகளைத் தேதியோடு ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வகத்திலேயே பரிசோதனை செய்யுங்கள். ஆய்வகம் மாறினால் முறை மாறி எண்ணும் கொஞ்சம் மாறும், வீண் கலக்கம். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால், சுத்தம் செய்தபோது, அடுத்த குழந்தையின் பாதுகாப்புக்காகப் போடும் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் பயாப்ஸி ஸ்லைடுகளை இன்னொரு நோயியல் நிபுணரிடம் காட்டவும் உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எந்தத் தாளில் எந்தச் சொல் புரியாவிட்டாலும், "இதைத் தமிழில் சொல்லுங்கள்" என்று அங்கேயே கேளுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று எழுந்து வந்துவிட வேண்டாம்.

திடீரென்று அதிக ரத்தப்போக்கு, மூச்சு வாங்குவது, இருமலில் ரத்தம், தாங்க முடியாத தலைவலி, இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். மூன்றாவது வாரத்து எச்.சி.ஜி. அளவு வந்ததும், தோல் மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். இரண்டையும் பார்த்துவிட்டு, எந்த மாதத்திலிருந்து முயற்சி செய்யலாம் என்று தேதி போட்டே சொல்கிறேன்.